தடயத்தைத் தொட்டுப் படிக்கட்டும் மாணவர்கள்

ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் எங்கு நடந்தாலும், தடயவியல் நிபுணர் ஒருவர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும். அதைக் காணொளியாகவும் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3)-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது. இதைக் கட்டாயமாக்கும் தேதியை அறிவிக்க மாநில அரசுகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசம் முடியும்போது சம்பவ இடத்தில் போய் நிற்க வேண்டியவர்கள் இன்று கல்லூரி வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு கண்ணாடித் தம்ளரிலிருந்து கைரேகையைத் தம் கையால் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி கல்லூரிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஏழு ஆண்டு என்ற வரம்புக்குள் கொலை, பாலியல் வன்கொடுமை, வரதட்சணை மரணம் மட்டுமின்றி, வழிப்பறியும் பெரும் மோசடியும்கூட வந்துவிடுகின்றன. சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணும், இணைய மோசடியில் சேமிப்பை இழந்த ஓய்வூதியரும், மகளை இழந்த தாயும் நாளை நம்பியிருக்கப்போவது அந்த மாணவர்களின் கைகளைத்தான்.

சுருளி வழக்கு சொல்லும் பாடம்

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு தடயவியல் மாணவரும் படிக்க வேண்டும். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமோ அவரை விடுதலை செய்தது.

வழக்கின் முதுகெலும்பாக அரசுத் தரப்பு நம்பியிருந்த சான்றுகளில் மரபணுச் சோதனையும் ஒன்று. ஆனால், மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகள் அந்தச் சான்றின் மீதான நம்பிக்கையைக் குலைத்துவிட்டன. மாதிரி எப்போது யார் கைக்குப் போனது, இடையில் எங்கே இருந்தது, ஆய்வகத்துக்கு ஏன் தாமதமாகச் சென்றது என்ற கேள்விகளுக்குச் சரியான விடை இல்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு, 14 ஆண்டுகள் கழித்தும் குற்றவாளி யார் என்ற பதில் கிடைக்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தவருக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

அதே தீர்ப்பில் நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சில நெறிமுறைகளை வகுத்தது. மரபணு மாதிரியைச் சேகரிக்கும்போதே முதல் தகவல் அறிக்கை எண், தேதி, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரங்களைப் பதிய வேண்டும். மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சேகரித்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்துக்குச் சென்றாக வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கவோ மறுமுத்திரை இடவோ கூடாது. சேகரித்த நொடியிலிருந்து வழக்கு முடியும்வரை மாதிரி யார் யார் கையில் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பழக்கப்பட்ட கையும் எழுதி வைக்கும் ஒழுக்கமும் போதும். இந்த இரண்டையும் கல்லூரியில்தான் ஊட்ட முடியும்.

சான்று கெடுவது முதல் மணி நேரத்தில்

தடயவியல் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும்தான். ஆனால் சம்பவ இடத்தில் கெட்டுப்போன தடயத்தை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கால்தடம், கதவுப் பிடியைக் கையுறை இல்லாமல் திறந்த காவலர், தரையைக் கழுவிவிட்ட வீட்டுக்காரர் என்று இழப்புகள் தொடங்குவது முதல் மணி நேரத்தில்தான்.

எடுத்து வைப்பதிலும் பிழை நேரும். ரத்தம் தோய்ந்த ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; மரபணு சிதையும். அதை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். தீ வைத்த இடத்தில் கிடைத்த கருகிய துணிக்கோ நேர் எதிரான விதி. அதைக் காகித உறையில் வைத்தால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆவியாகிப் போய்விடும். காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கண்ணாடிக் குடுவையிலோ அடைக்க வேண்டும்.

இதைப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். மாணவர் தேர்வில் அப்படியே ஒப்பிக்கவும் செய்வார். ஆனால் இறைச்சிக் கடையிலிருந்து வாங்கிய ஆட்டு ரத்தத்தில் இரண்டு துணிகளை நனைத்து, ஒன்றைப் பிளாஸ்டிக்கிலும் மற்றொன்றை உலர்த்திக் காகிதத்திலும் வைத்து, ஒரு வாரம் கழித்துத் தானே பிரித்துப் பார்க்கட்டும். பிளாஸ்டிக் பையிலிருந்து எழும் நாற்றத்தை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். மண்ணெண்ணெய் தெளித்த துணியைக் காகிதத்திலும் தகர டப்பாவிலும் வைத்து முகர்ந்து பார்க்கட்டும். எந்தத் தடயத்துக்கு எந்த உறை என்ற ஐயம் பிறகு அவருக்கு வராது.

பஞ்சுக் குச்சி ஏமாற்றிய கதை

கவனக்குறைவு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்தது ஒரு சான்று. 2007-இல் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் மரபணு, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் நடந்த பல்வேறு குற்றங்களின் சம்பவ இடங்களிலும் கிடைத்திருந்தது. கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை எல்லாவற்றிலும் ஒரே பெண்! காவல் துறை ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடியது.

2009-இல் உண்மை வெளிப்பட்டது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. தடயம் சேகரிக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளில், அவற்றைத் தயாரிக்கும் வேலையில் இருந்த ஒரு பெண்ணின் மரபணு ஒட்டியிருந்தது. கிருமி நீக்கிய குச்சியில் மனித மரபணுவும் இருக்காது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

பயன்படுத்தாத ஒரு குச்சியையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் முதல் ஆண்டிலேயே தெளிந்திருக்கும். தன் கருவியையும் சந்தேகிக்கக் கற்றுத் தருவதுதான் செய்முறைப் பயிற்சியின் முதல் பயன்.

ஒரு மேசையில் நடக்கும் பாடம்

ரத்தமா என்று அறியச் செய்யும் முதல்நிலைச் சோதனை ஒன்றைப் பாருங்கள். கறையை வடிதாளில் ஒற்றி எடுத்து, ஃபினால்ஃப்தலீன் கரைசல் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் சில நொடிகளில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். மாணவர் முகம் மலரும்; ரத்தம் என்று எழுதிவிடுவார்.

நல்ல ஆசிரியர் அங்கே நிறுத்த மாட்டார். துருவிய உருளைக்கிழங்கின் சாற்றை இன்னொரு தாளில் ஒற்றி அதே சோதனையைச் செய்யச் சொல்வார். அதிலும் சிவப்பு எட்டிப் பார்க்கக்கூடும். சில காய்கறிகளில் உள்ள நொதிகளும் இந்த நிறத்தைத் தரும். அடுத்து ஆட்டு ரத்தத்தை வைத்துச் செய்யச் சொல்வார். மனித ரத்தத்துக்கும் அதற்கும் இந்தச் சோதனையில் வேறுபாடு தெரியாது.

அந்த மேசையில் மாணவர் கற்றுக்கொள்வது வேதியியல் மட்டுமில்லை. ‘ரத்தமாக இருக்கலாம்’ என்று எழுதுவதற்கும் ‘மனித ரத்தம்’ என்று எழுதுவதற்கும் இடையே ஓர் ஆளின் விடுதலையோ சிறையோ இருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். உறுதிப்படுத்தும் சோதனை முடியும்வரை பேனாவை அடக்கிவைக்கும் பக்குவம் அப்படித்தான் வரும்.

ரத்தத் துளிகளின் வடிவமும் இப்படித்தான். சாய்த்து வைத்த அட்டையில் துளியை விழ வைத்தால் அது நீள்வட்டமாகப் பதியும். அதன் அகலம் நீளத்தில் பாதி இருந்தால், அது 30 பாகைக் கோணத்தில் வந்து பட்டிருக்கிறது. ஓர் அட்டை, ஒரு அளவுகோல், ஒரு கோணமானி இருந்தால் போதும். பள்ளியில் படித்த முக்கோணவியல் எதற்கு என்பது அன்றைக்குப் புரிந்துவிடும்.

கைபேசிகளின் காலத்தில்

இன்றைய பெரும்பாலான வழக்குகளில் ஒரு கைபேசியாவது உண்டு. பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற எண்ணெழுத்துத் தொடர் அது.

இதைப் பழகச் சாதாரணக் கணினியே போதும். மாணவர் ஒரு பக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அதற்கு எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டால் 64 எழுத்துகள் கொண்ட தொடர் வரும். கடிதத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டால் தொடர் முழுவதும் மாறிப்போயிருக்கும். கைப்பற்றிய கைபேசியை ஆர்வத்தில் திறந்து நோண்டுவது எவ்வளவு ஆபத்து என்பது அந்த ஒரு முற்றுப்புள்ளியில் விளங்கிவிடும். மூல வட்டைத் தொடாமல் நகல் எடுத்து, நகலில் மட்டுமே ஆய்வு செய்யும் முறையை இலவச மென்பொருள்களைக் கொண்டே கற்றுத் தரலாம்.

நமக்குப் புதிதல்ல

இந்தத் துறையில் நமக்கு நெடிய மரபு உண்டு. நஞ்சூட்டிக் கொன்ற வழக்குகளுக்காகச் சென்னையில் வேதியியல் ஆய்வாளரின் ஆய்வகம் 1849-இலேயே அமைந்தது. கைரேகைக்கென உலகின் முதல் அலுவலகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. எட்வர்டு ஹென்றி பெயரில் உலகம் அறிந்த கைரேகை வகைப்பாட்டு முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். ஆயிரக்கணக்கான விரல் பதிவுகளைக் கையால் பிரித்து அடுக்கிய உழைப்பில் பிறந்தது அந்த அறிவு.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட இடத்தில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் வெடிகுண்டின் சிதறல்களையும் பொறுக்கி ஒன்றுசேர்த்து, அது மனித வெடிகுண்டு என்ற முடிவுக்கு வந்தவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி.சந்திரசேகரன். சம்பவ இடத்தில் கிடைத்த ஒரு கேமராவின் படச்சுருள் புலனாய்வின் திசையையே தீர்மானித்தது. அன்றைக்கு அந்தத் துண்டுகளைக் குப்பையென்று யாரேனும் கூட்டித் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடைவெளி எங்கே?

படிப்புக்கு இப்போது பஞ்சமில்லை. தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தமிழ்நாட்டிலும் பல கல்லூரிகள் இளநிலைத் தடயவியல் படிப்பைத் தொடங்கியிருக்கின்றன. தடயவியல் உள்கட்டமைப்பை விரிவாக்க ரூ.2,254.43 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கட்டடங்கள் எழும், கருவிகள் வரும்.

ஆனால் இந்தப் பட்டம் பெற்றவர்களிடம் பேசினால் திரும்பத் திரும்பக் கேட்கும் குறை ஒன்று உண்டு. செய்முறைப் பதிவேட்டை முந்தைய ஆண்டு மாணவரிடமிருந்து பார்த்து எழுதினோம். நாற்பது பேருக்கு ஒரு கருவி. ஆசிரியர் செய்து காட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். உள்ளகப் பயிற்சிக்காக ஆய்வகக் கதவுகளைத் தட்டினால், வழக்குச் சொத்துகளின் ரகசியத்தைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்படுகிறது. சில இடங்களில் மாணவரிடமே கட்டணம் கேட்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வெளியூரில் தங்கிப் பயிலும் வாய்ப்பு. கிராமத்துக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சான்றிதழ் மட்டும்.

ரகசியம் முக்கியம்தான். நடப்பு வழக்கின் சான்றுப் பொருளை மாணவர் தொடவே கூடாது. தொட்டால் அவரையும் சாட்சியாக அழைக்க நேரும், சான்றும் கேள்விக்குள்ளாகும். ஆனால் அதற்காகக் கதவையே அடைக்க வேண்டியதில்லை. நிபுணர் செய்வதை அருகிலிருந்து பார்த்துத் தன் ஏட்டில் தனியாகக் குறிப்பெடுக்கவும், போலி மாதிரிகளில் அதே வேலையைச் செய்து பார்க்கவும் வழி உண்டு.

செய்ய வேண்டியவை

முதலாவது, தடயவியல் பட்டம் தரும் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு மாதிரிச் சம்பவ வீட்டை அமைத்தாக வேண்டும். பழைய வகுப்பறை ஒன்றும் சில மரச்சாமான்களும் போதும். அங்கே மாணவர் குழு பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடம் வரைந்து, தொலைவு, நடுத்தரம், அண்மை என மூன்று நிலைகளில் புகைப்படம் எடுத்து, தடயம் சேகரித்து, முத்திரை வைப்பது வரை முழுமையாகச் செய்ய வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதி இந்தச் செய்முறைக்குப் போக வேண்டும். இந்த வசதி இல்லாத கல்லூரிக்குப் புதிய சேர்க்கை அனுமதி தரக் கூடாது.

இரண்டாவது, மாவட்டங்களில் உள்ள நடமாடும் தடய அறிவியல் ஆய்வகங்களில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கட்டாய உள்ளகப் பயிற்சி வேண்டும். ரகசியக் காப்பு உறுதிமொழி பெற்று, உதவித்தொகை தந்து, தேர்வு முறையில் எடுக்க வேண்டும். கட்டணம் கேட்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

மூன்றாவது, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து அழிக்க உத்தரவிடப்படும் வழக்குச் சொத்துகளில் பயன்படக்கூடியவற்றை, அடையாளங்களை நீக்கி, நீதிமன்ற அனுமதியுடன் கல்லூரிகளுக்குப் பாடப் பொருளாகத் தர வேண்டும்.

நான்காவது, சட்டக் கல்லூரிகளும் தடயவியல் துறைகளும் சேர்ந்து மாதிரி நீதிமன்றம் நடத்த வேண்டும். “கையுறையை எப்போது மாற்றினீர்கள்? உறையில் உள்ள கையெழுத்து யாருடையது? 48 மணி நேரத்துக்குள் அனுப்பியதற்கு என்ன ஆதாரம்?” என்று சட்ட மாணவர் குறுக்கு விசாரணை செய்யட்டும். கூண்டில் நின்று பதில் சொல்லத் திணறிய மாணவர் அடுத்த முறை குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுவார். கேள்வி கேட்டவரும் நாளை அறிவியல் சான்றைப் புரிந்துகொண்ட வழக்கறிஞராக இருப்பார்.

ஐந்தாவது, கண்மூடிச் சோதனை. விடை ஆசிரியருக்கும் தெரியாத மாதிரிகளை வெளியிலிருந்து அனுப்பி, மாணவரின் முடிவு சரியா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். ‘போதிய தடயம் இல்லை, முடிவு கூற இயலாது’ என்று நேர்மையாக எழுதுபவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.

ஆறாவது, தமிழில் தரமான செய்முறைக் கையேடு வேண்டும். தலைமைக் காவலர் முதல் சாட்சிக் கையொப்பமிடும் ஊர்க்காரர் வரை எல்லோரும் படிக்கக்கூடிய தமிழில், படங்களுடன். சம்பவ இடத்துக்கு முதலில் வருபவர் பெரும்பாலும் உள்ளூர்க் காவலர்தான். அவருக்கும் மாணவருக்கும் ஒரே கையேடு இருந்தால் பாதிப் பிழை குறையும்.

ஏழாவது, மனதையும் உடலையும் காக்கும் பயிற்சி. உடற்கூறாய்வு அறையின் வாடையும் குழந்தையின் உடலைக் காணும் அதிர்ச்சியும் இளைஞர்களை உலுக்கிவிடும். கையுறை, முகக்கவசம், தடுப்பூசி ஆகியவற்றோடு மனநல ஆலோசனையும் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, படித்து வருபவர்களுக்கு வேலை இருக்க வேண்டும். உட்கோட்ட அளவில் சம்பவ இடத் தடயவியல் அலுவலர் பணியிடங்களை உருவாக்கி, எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வைத்து நியமிக்க வேண்டும். செய்முறை தெரிந்தவருக்கே வேலை என்றால் கல்லூரிகள் தாமாகவே ஆய்வகத்தைத் திறந்து வைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

கல்லூரி தரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அறையை அளந்து வரைபடம் போடுங்கள். வீட்டார் அனுமதியுடன் அவர்களின் பத்து விரல்களையும் மைதொட்டுப் பதிந்து, சுழல் எது, வளையம் எது, வில் எது என்று பிரியுங்கள். மழை பெய்த மண்ணில் செருப்புத் தடத்தை அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி அச்செடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். தவறாக வந்ததையும் அடிக்காமல் எழுதுங்கள். முடிந்தால் அருகிலுள்ள நீதிமன்றத்துக்குப் போய், நிபுணர் சாட்சியம் சொல்வதைப் பார்வையாளராக உட்கார்ந்து கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் தடயவியல் படிப்பில் சேர்க்கும் முன் கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காமல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை, உள்ளகப் பயிற்சி எங்கே என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் நெறிமுறையும் தந்துவிட்டது. மாநிலங்களுக்கான அவகாசம் 2029-இன் நடுவில் முடிகிறது. ஓர் இளநிலைப் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே செய்முறைப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் ஆணையை உயர்கல்வித் துறையும் உள்துறையும் இணைந்து வரும் கல்வியாண்டுக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும். பயிற்சியற்ற நிபுணரைச் சம்பவ இடத்துக்கு அனுப்பினால், தண்டனை பெற வேண்டியவர் தப்புவார். தப்ப வேண்டிய அப்பாவி தண்டனை பெறுவார். இரண்டும் அநீதியே.